பிணையில் வந்தவர் நீட்டிய கடதாசி

கேள்வி: ஐயா, தர்மபுரத்தில் இருந்து எழுதுகிறேன். வயது 52. கணவர் 2009இல் போரோடு போய்விட்டார். ஏழு வருடம் குவைத்தில் வீட்டுவேலை செய்து சேர்த்ததில் 12 இலட்சத்து 50 ஆயிரம் ரூபாவை, கிளிநொச்சியில் கிளை வைத்திருந்த ஒரு நிதி நிறுவனத்தில் நிலையான வைப்பாகப் போட்டேன். வங்கி தருவதைப் போல இரண்டு மடங்கு வட்டி என்றார்கள். ஒன்பது மாதம் ஒழுங்காக வந்தது. பத்தாம் மாதம் போனால் கிளைக்குப் பூட்டு. பணிப்பாளர்களையும் பிராந்திய முகாமையாளரையும் கொழும்பில் பிடித்து விளக்கமறியலில் வைத்தார்கள். இப்போது எல்லாருக்கும் பிணை கொடுத்துவிட்டார்களாம். என் தம்பி 2009இல் ஓமந்தையில் பிடிபட்டு ஆறு வருடம் பிணை இல்லாமல் கிடந்தான். கடைசியில் குற்றமில்லை என்று விட்டார்கள். கோடி கோடியாக விழுங்கியவர்களுக்குப் பிணை, என் தம்பிக்கு இல்லை. இது என்ன சட்டம்? போன கிழமை அந்த முகாமையாளரே வீட்டுக்கு வந்து, இரண்டரை இலட்சம் தருகிறோம், இதில் கையெழுத்துப் போடுங்கள் என்று ஒரு கடதாசியை நீட்டினார். பக்கத்து வீட்டு ஆச்சிதான் நாயைப் பிடித்துக்கொண்டு நின்றார். யோசித்துச் சொல்கிறேன் என்று அனுப்பிவிட்டேன். போடலாமா?

அன்பின் சகோதரி,

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். கையொப்பம் போட வேண்டாம்.

அந்தக் கடதாசியை நீங்கள் கைப்பேசியில் படம் எடுத்து அனுப்பியது நல்ல காரியம். மூன்று முறை வாசித்தேன். தலைப்பு ‘இணக்கக் கடிதம்’. இரண்டாம் பந்தியில், 2,50,000 ரூபாவைப் பெற்றுக்கொண்டபடியால் நிறுவனத்தின் மீதோ பணிப்பாளர்கள் மீதோ இனி எந்தக் கோரிக்கையும் உங்களுக்கு இல்லை என்று இருக்கிறது. மூன்றாம் பந்திதான் விஷம். பொலிஸில் நீங்கள் செய்த முறைப்பாடு ‘தவறான விளக்கத்தினால்’ செய்யப்பட்டது என்று நீங்களே சொல்வதாக எழுதியிருக்கிறார்கள். திகதி போடும் இடம் வெறுமையாகக் கிடக்கிறது. பணம் எப்போது, யார் கையால் தரப்படும் என்பதற்கு ஒரு வரி இல்லை. நீங்கள் கையொப்பம் வைத்திருந்தால் ஒரு சதமும் வாங்காமலே வாங்கியதாகவும், உண்மையைச் சொல்லியிருந்தும் பிழையாகச் சொன்னதாகவும் எழுதிக் கொடுத்தவராக ஆகியிருப்பீர்கள். வெற்றுத் திகதியை எந்த நாளாகவும் நிரப்பிக்கொள்ளலாம் என்பதையும் கவனியுங்கள். பிணைக்கு முந்திய ஒரு நாளாகக்கூட.

யோசித்துச் சொல்கிறேன் என்று அனுப்பினீர்களே, அந்த ஒரு சொல்லில் உங்கள் வழக்கைக் காப்பாற்றியிருக்கிறீர்கள். ஏன் என்று பின்னால் சொல்கிறேன். அதற்கு முன் உங்கள் கோபத்துக்கு வர வேண்டும், ஏனென்றால் அதில் பாதி நியாயம், பாதி உங்களையே கெடுக்கக்கூடியது.

இலங்கையில் பிணையைப் பற்றிய பொதுவான சட்டம் 1997ஆம் ஆண்டின் 30ஆம் இலக்கப் பிணைச் சட்டம். பிணை வழங்குவதே விதி, மறுப்பது விலக்கு என்று அதன் 2ஆம் பிரிவே சொல்கிறது. பிடிபட்டவர் குற்றவாளி என்று இன்னும் யாரும் தீர்ப்பளிக்கவில்லை, ஆகவே அவரை உள்ளே வைக்க வேண்டுமானால் அதற்குத் தனியாகக் காரணம் காட்டு என்று சட்டம் பொலிஸிடமும் சட்டமா அதிபரிடமும் கேட்கிறது. எவை காரணங்கள் என்பதை 14ஆம் பிரிவு வகுத்திருக்கிறது. ஆள் வழக்குக்கு வராமல் ஓடிவிடுவார் என்று நம்ப இடமிருக்க வேண்டும். அல்லது சாட்சிகளோடும் சாட்சியத்தோடும் விளையாடுவார் என்று. அல்லது வெளியே வந்து மீண்டும் குற்றம் செய்வார் என்று. நான்காவதாக ஒன்று இருக்கிறது. குற்றத்தின் பாரதூரமும் அதற்கு மக்கள் காட்டும் எதிர்ப்பும் சேர்ந்து பொது அமைதியைக் குலைக்கக்கூடும் என்று நீதிமன்றம் கருதினால் அப்போதும் பிணையை மறுக்கலாம்.

பணம் எவ்வளவு என்பது இந்தப் பட்டியலில் நேரடியாக இல்லை. உங்களுக்கு உறுத்துவது இதுதான் என்று நினைக்கிறேன். ஆயிரம் ரூபா திருடியவனும் ஆயிரம் கோடி திருடியவனும் பிணை கேட்டு நிற்கும்போது ஒரே கேள்விகளுக்குத்தான் பதில் சொல்கிறார்கள்: ஓடுவாயா, சாட்சியைக் கலைப்பாயா, திரும்பவும் செய்வாயா. குற்றத்தின் அளவு பார்க்கப்படாமல் இல்லை. வங்கியாளராகவோ முகவராகவோ தன்னை நம்பி ஒப்படைக்கப்பட்டதைத் தின்றவனுக்குத் தண்டனைச் சட்டக்கோவையின் 392ஆம் பிரிவு பத்து வருடம்வரை சிறை வைத்திருக்கிறது. ஆனால் அது வழக்கு விசாரணை முடிந்து தீர்ப்பன்று எடைபோடப்படும் விடயம். பிணைநாளில் அந்த எடைக்கல்லைத் தூக்கி வைத்தால், தீர்ப்பில்லாமலே தண்டனை தொடங்கிவிடும்.

இந்தக் கேள்விகளுக்கு நீதிமன்றங்கள் எப்படிப் பதில் தேடுகின்றன என்பதற்கு லண்டனில் நடந்ததைச் சொல்கிறேன். இந்தியாவின் பஞ்சாப் நேஷனல் வங்கியில் பதின்மூவாயிரம் கோடி இந்திய ரூபாவுக்கு மேல் மோசடி என்ற வழக்கில் தேடப்பட்ட வைர வியாபாரி நீரவ் மோடி 2019 மார்ச்சில் லண்டனில் பிடிபட்டார். பிரித்தானிய நீதிமன்றங்கள் அவருக்குத் திரும்பத் திரும்பப் பிணை மறுத்தன. இருபது இலட்சம் பவுண் கட்டுகிறேன் என்றார், வேலைக்கு ஆகவில்லை. தொகை பெரிது என்பதற்காக மறுக்கவில்லை. பெயருக்கு நியமிக்கப்பட்டிருந்த பணிப்பாளர்களைத் துபாயிலிருந்து கெய்ரோவுக்கு அனுப்பிவைத்தார்கள், கைப்பேசிகளையும் கணினிச் சேவையகத்தையும் அழித்தார்கள் என்ற குற்றச்சாட்டு நீதிமன்றத்தின் முன் இருந்தது. ஓடுவார், சாட்சியைக் கலைப்பார் என்ற பயத்துக்குப் பிடிமானம் கிடைத்தது. அங்கே பணம் தோற்றது, ஆதாரம் வென்றது.

நம்முடைய நாட்டில் பெரிய பண வழக்குகளில் பிணை இறுகுவது பெரும்பாலும் வேறொரு வாசலால். 1982ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கப் பொதுச் சொத்துக்களுக்கு எதிரான குற்றங்கள் சட்டம் அது. மோசடி செய்யப்பட்டது பொதுச் சொத்து, அதன் பெறுமதி சட்டம் குறித்த தொகைக்கு மேல் என்று உதவிப் பொலிஸ் அத்தியட்சகர் தரத்துக்குக் குறையாத ஒருவர் சான்று கொடுத்தால், விதிவிலக்கான காரணம் காட்டப்பட்டால் தவிர நீதவான் பிணை கொடுக்க முடியாது. அங்கே விதியும் விலக்கும் இடம் மாறிவிடுகின்றன. மத்திய வங்கிப் பிணைமுறி வழக்கை நினைத்துப் பாருங்கள் (இந்தப் பிணைமுறி, அரசாங்கம் கடன் வாங்க விற்கும் பத்திரம்). 2015 பெப்ரவரி 27இல் நடந்த ஏலத்தில் முறைகேடு என்பது குற்றச்சாட்டு. பெர்பெச்சுவல் ட்ரெஷரீஸ் நிறுவனத்தின் அர்ஜுன் அலோசியசும் கசுன் பலிசேனவும் 2018இல் சுதந்திர தினத்தன்று கைதானார்கள். அடுத்த ஆண்டின் தொடக்கத்தில்தான் பிணையில் வெளியே வந்தார்கள். பணக்காரருக்கு உடனே பிணை கிடைத்துவிடும் என்று பொதுவாகச் சொல்வது சரியில்லை என்பதற்காக இதைச் சொல்கிறேன். அதே வழக்கில் மத்திய வங்கியின் முன்னாள் ஆளுநர் அர்ஜுன மகேந்திரன் கைதுக்கு முன்பே நாட்டைவிட்டுப் போய்விட்டார். பிணை கொடுத்ததால் ஓடியவரைவிட, பிடிக்கப் பிந்தியதால் ஓடியவரையே இந்த நாடு அதிகம் இழந்திருக்கிறது என்பது என் அபிப்பிராயம்.

சரி, உங்கள் தம்பி. அவனைப் பிணை இல்லாமல் வைத்திருந்தது பயங்கரவாதத் தடைச் சட்டம்.

அதன் முழுப் பெயரில் ‘தற்காலிக ஏற்பாடுகள்’ என்று இருக்கிறது. 1979ஆம் ஆண்டின் 48ஆம் இலக்கம். நாற்பது வருடத்துக்கு மேல் ஓடிய தற்காலிகம். பிணைச் சட்டத்தின் 3ஆம் பிரிவு, அந்தச் சட்டத்தின் கீழ் பிடிபட்டவர்களுக்கு இந்தப் பிணைச் சட்டம் பொருந்தாது என்று வெளியே தள்ளிவிடுகிறது. பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் 7ஆம் பிரிவோ வழக்கு முடியும்வரை விளக்கமறியலில் வை என்று நீதவானுக்குக் கட்டளையிட்டது. சட்டமா அதிபர் சம்மதித்தால் மட்டும் விடலாம். அந்த மேசையில் இருந்த நீதவானுக்கு உங்கள் தம்பி ஓடுவானா, யாரையாவது மிரட்டுவானா என்று கேட்டுப் பார்க்கும் உரிமையே இருக்கவில்லை. கேட்கவில்லை, கேட்க முடியவில்லை. உயர்ந்த தரப் பொலிஸ் அதிகாரியிடம் கொடுத்ததாகச் சொல்லப்படும் ஒப்புதல் வாக்குமூலம் ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு ஆண்டுக்கணக்கில் இழுத்த வழக்குகளில் நானும் நின்றிருக்கிறேன். 2022இல் கொண்டுவந்த திருத்தம் தடுப்புக்காவல் காலத்தைப் பதினெட்டு மாதத்திலிருந்து பன்னிரண்டாகக் குறைத்தது, வழக்கு விசாரணை தொடங்காமல் ஒரு வருடம் கடந்தால் பிணை கேட்க ஒரு வழியையும் திறந்தது. உங்கள் தம்பிக்கு அது பதின்மூன்று வருடம் பிந்தி வந்தது.

ஆகவே உங்கள் கேள்வியில் உள்ள அநியாயம் உண்மையானது. ஆனால் அது எந்தப் பக்கம் இருக்கிறது என்று பாருங்கள். நிதி நிறுவனக்காரரிடம் ஓடுவாயா என்று கேட்டார்கள். உங்கள் தம்பியிடம் கேட்கவில்லை. பொது அமைதி குலையும் என்று சொல்லி ஆளை உள்ளே வைப்பதை, அந்த 14ஆம் பிரிவின் நான்காவது காரணத்தை, உங்களைப் போன்ற வைப்பாளர்கள் பதாகை பிடித்துக் கேட்கும்போதும் எனக்கு உள்ளுக்குள் கூசுகிறது. மக்கள் கோபமாக இருக்கிறார்கள் என்பது ஒருவனைப் பூட்டி வைக்கப் போதுமான காரணம் என்றால், அந்தக் கோபம் யார் மீது திரும்பும் என்பதை வன்னியில் வாழ்ந்தவர்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை.

இன்னொன்றும் இருக்கிறது, அது பத்திரிகைகளில் வராது. விசுவமடுப் பக்கத்துப் பெடியன் ஒருவன், லீசிங்கில் எடுத்த உழவு இயந்திரத்தில் அனுமதியில்லாமல் மணல் ஏற்றிப் பிடிபட்டான். முதல் தவணையிலேயே நீதவான் பிணை கொடுத்துவிட்டார். ஒரு இலட்சம் ரூபா பெறுமதியான இரண்டு சரீரப் பிணை, அதாவது இரண்டு பேர் அவனுக்காகப் பொறுப்பு நிற்க வேண்டும். கட்டளை கையில் இருக்கிறது, கையொப்பம் போட இரண்டு ஆள் இல்லை. தகப்பன் இல்லை. மாமன் ஒருவர் வந்தார். மீள்குடியேறிய பிறகு அவருடைய முகவரி இரண்டு பதிவுகளில் இரண்டு விதமாக இருந்ததால் வதிவிடச் சான்றிதழ் கிடைக்கவில்லை. இரண்டாவது ஆளாக வரச் சம்மதித்த கடைக்காரர், தவணை நாளில் கடையைப் பூட்ட முடியாது என்று வரவில்லை. மேலும் மூன்று தவணை, பதினான்கு நாள் பதினான்கு நாளாக, பிணை கிடைத்த ஒருவன் சிறையில் இருந்தான். அந்தக் காலத்தில் உழவு இயந்திரத்தின் தவணைப் பணம் தவறி, லீசிங்காரர் வண்டியைத் தூக்கிப் போனார்கள். இலங்கைச் சிறைகளில் இருப்போரில் பாதிக்கு மேற்பட்டோர் தண்டனை பெற்றவர்கள் அல்ல, விளக்கமறியல்காரர்கள். உங்கள் பணிப்பாளர்களுக்கு அந்தச் சிக்கல் வந்திருக்காது. அவர்களுடைய பிணையாளிகள் காரில் வந்து, காணி உறுதிகளைக் காட்டி, மத்தியானச் சாப்பாட்டுக்கு முன் பிணைமுறியில் கையொப்பம் வைத்திருப்பார்கள். பணக்காரருக்கும் ஏழைக்கும் பிணையில் உள்ள வேறுபாடு பெரும்பாலும் நீதவானின் மேசையில் இல்லை, பிணையாளி நிற்கும் வரிசையில் இருக்கிறது.

இனி, அவர்களை உள்ளே வைத்திருந்தால் உங்களுக்கு என்ன கிடைத்திருக்கும் என்று கேட்டுப் பாருங்கள். கட்டாக்காலி மாடு வயலுக்குள் இறங்கினால் நம் ஊரில் பிடித்துக் கட்டுவோம். கட்டுவது சரி, ஆனால் கட்டியதால் தின்ற பயிர் முளைக்காது. அழிவுக்கு மதிப்புப் போட்டு, மாட்டுக்காரரைக் கூப்பிட்டு, ஈடு வாங்கினால்தான் விதைநெல்லாவது மிஞ்சும்.

இந்தியாவில் யெஸ் வங்கி 2020 மார்ச் 5ஆம் திகதி முடக்கப்பட்டது. ஒருவர் 50,000 ரூபாவுக்கு மேல் எடுக்க முடியாது என்றார்கள். மூன்று நாளில் அதன் நிறுவனர் ராணா கபூர் கைதானார். மார்ச் 18ஆம் திகதி, ஸ்டேட் வங்கி தலைமையில் பணம் போட்டு வங்கியைத் தூக்கி நிறுத்திய பிறகு, வைப்பாளர்களுக்குக் கட்டுப்பாடு நீங்கியது. பதின்மூன்று நாள். ராணா கபூர் பிணையில் வெளியே வந்தது 2024 ஏப்ரலில். அவர் உள்ளே இருந்த நான்கு வருடத்துக்கும் வைப்பாளர்கள் கையில் காசு வந்ததற்கும் ஒரு தொடர்பும் இல்லை.

நம் நாட்டில் உங்கள் விடயத்துக்கு மிக நெருங்கியது கோல்டன் கீ. 2008 டிசம்பரில் விழுந்தது. ஏறத்தாழ 26 பில்லியன் ரூபா, ஒன்பதாயிரத்துக்கு மேற்பட்ட வைப்பாளர்கள். அது ஒரு கடனட்டைக் கம்பனி. மக்களிடம் வைப்பு வாங்க அதற்கு அனுமதிப்பத்திரம் இருக்கவில்லை. செலிங்கோ குழுமத்தின் பெயரையும் அதே குழுமத்தோடு அறியப்பட்ட செலான் வங்கியின் பெயரையும் நம்பித்தான் மக்கள் போட்டார்கள். தலைவர் லலித் கொத்தலாவல கைதானார், பின்னர் பிணையில் வந்தார். வைப்பாளர்களுக்குத் திரும்பிய பணம் வந்த வழி வேறு: உச்ச நீதிமன்றத்துக்குப் போனார்கள், சொத்துகளை விற்று, நீதிமன்றத்தின் மேற்பார்வையில், பகுதி பகுதியாக, ஆண்டுக்கணக்கில். முழுவதும் எல்லோருக்கும் வரவில்லை. கூட்டமாகச் சேர்ந்து சொத்தைத் துரத்தியதால்தான் அவ்வளவாவது வந்தது.

கோல்டன் கீயை ஏன் இழுத்தேன் என்றால், உங்கள் வைப்புச் சான்றிதழிலும் அதே வேலை நடந்திருக்கிறது. சாமிப் படத்துக்குப் பின்னால் வைத்திருந்ததாக எழுதியிருக்கிறீர்கள்; பிரதியிலேயே மடிப்பில் குங்குமக் கறை தெரிகிறது. மேலே பெரிய எழுத்தில், ஏ9 வீதியில் எல்லோரும் பார்த்த அந்த நிதி நிறுவனத்தின் பெயர். அதற்குக் கீழே, கட்டெறும்பு அளவு எழுத்தில், வேறொரு தனியார் கம்பனியின் பெயர், அதன் பிறகு ‘சார்பாக’ என்று ஒரு சொல். உங்கள் பணத்தை வாங்கியது அந்தச் சின்ன எழுத்துக் கம்பனி என்று சொல்லத்தான் இந்த ஏற்பாடு. பெரிய எழுத்து நிறுவனத்துக்கு மத்திய வங்கியின் அனுமதி இருந்தது. அங்கே வைப்பாக இருந்திருந்தால், அனுமதி இரத்தாகும் நாளில் வைப்புக் காப்புறுதித் திட்டத்தில் ஒருவருக்கு 11 இலட்சம் ரூபாவரை கிடைக்கும். 2010இல் தொடங்கியபோது அது 2 இலட்சமாக இருந்தது. சின்ன எழுத்துக் கம்பனிக்கு அந்தக் காப்பு இல்லை. ஆனால் மனம் உடைய வேண்டாம். அடுத்த தாளில் உள்ள பற்றுச்சீட்டைப் பார்த்தேன். அதில் அடித்திருக்கும் முத்திரை பெரிய நிறுவனத்தின் கிளிநொச்சிக் கிளையுடையது, காசாளரின் கையொப்பமும் இருக்கிறது. பணம் கைமாறியது அனுமதி பெற்ற நிறுவனத்தின் கருமபீடத்தில் என்று வாதாட அந்த ஊதா முத்திரை உதவும். சான்றிதழைவிடப் பற்றுச்சீட்டுத்தான் உங்களுக்குப் பெரிய சொத்து. அதை வெயில் படாத இடத்தில் வையுங்கள், முத்திரை மை மங்கும். மூலத்தை யார் கேட்டாலும் கொடுக்காதீர்கள். பொலிஸுக்குக் கொடுக்க நேர்ந்தால் பெற்றுக்கொண்டதற்கு எழுத்தில் வாங்குங்கள்.

(துண்டை நம்பும் பழக்கம் நமக்குப் பழையது. 1994இல் தொடங்கிய தமிழீழ வைப்பகத்தில் அடைவு வைத்த நகையின் துண்டை இன்னும் தகரப் பெட்டிக்குள் வைத்திருக்கிற குடும்பங்களை எனக்குத் தெரியும். வைப்பகம் இல்லை, துண்டு இருக்கிறது. உங்கள் கையில் உள்ளது அப்படிப்பட்ட துண்டு அல்ல. இதற்குப் பின்னால் இன்னும் ஆட்கள், காணிகள், வங்கிக் கணக்குகள் இருக்கின்றன.)

அந்தக் காணிகளும் கணக்குகளும் கைமாறாமல் நிறுத்துவதில்தான் இனி உங்கள் சக்தி போக வேண்டும். 2006ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கப் பணம் தூயதாக்கல் தடைச் சட்டத்தின் கீழ் உயர் பொலிஸ் அதிகாரி ஒருவர் கணக்குகளையும் சொத்துகளையும் முடக்கிக் கட்டளையிடலாம், பிறகு மேல் நீதிமன்றம் அதை நீடிக்கும். 2025இல் குற்றச் செயல்களால் ஈட்டப்பட்ட வருமானங்கள் பற்றிய புதிய சட்டமும் வந்திருக்கிறது. பிணைக்கு எதிராக நூறு பேர் கத்துவதைவிட, இந்த முடக்கல் நடந்ததா, எந்தெந்தச் சொத்து, பணிப்பாளர்களின் மனைவி மக்களின் பெயரில் கைமாறியவை பிடிபட்டனவா என்று ஐந்து பேர் எழுத்தில் கேட்பது மேல். கிளிநொச்சியிலேயே மத்திய வங்கியின் பிராந்திய அலுவலகம் இருக்கிறது. பற்றுச்சீட்டின் பிரதியோடு அங்கே ஒரு முறைப்பாட்டைக் கொடுத்து, பெற்றுக்கொண்ட முத்திரை வாங்குங்கள்.

பிணையைத் தொடரவிடாமல் செய்ய முடியாதா என்று உங்கள் கடிதத்தின் ஓரத்தில் பென்சிலால் எழுதி, பிறகு அழித்திருக்கிறீர்கள். அழித்தது எனக்குத் தெரிந்தது. முடியும். அதற்கான சாவியை உங்கள் படலைக்கே கொண்டுவந்து தந்தவர் அந்த முகாமையாளர்.

14ஆம் பிரிவு பிணையை மறுப்பதற்கு மட்டும் உரியதன்று. கொடுத்த பிணையை இரத்துச் செய்யவும் அதே காரணங்கள்தான். பொலிஸ் அதிகாரி ஒருவர் விண்ணப்பிக்க வேண்டும், பிணையில் இருப்பவருக்கு அறிவித்தல் கொடுத்து அவர் பக்கத்தையும் நீதிமன்றம் கேட்கும், பிறகு முடிவெடுக்கும். சாட்சிகளோடு தலையிடுதல் என்ற காரணத்துக்கு, வழக்கில் முறைப்பாடு செய்த ஒருத்தியின் வீட்டுக்குச் சந்தேகநபரே வந்து, முறைப்பாடு பிழை என்று எழுதித் தரச் சொன்னதைவிட நேரடியான உதாரணம் தேட வேண்டியதில்லை. பிணை கொடுக்கும்போது சாட்சிகளை அணுகக் கூடாது என்று நிபந்தனை போடுவது வழக்கம். இந்த வழக்கில் போட்டார்களா என்று பார்க்கப் பிணைக் கட்டளையின் உறுதிப்படுத்திய பிரதியை எடுக்க வேண்டும். போடாவிட்டாலும் 14ஆம் பிரிவு இருக்கிறது. பிணை இரத்தாகும் என்று நான் வாக்குத் தர மாட்டேன். நீதவான் எச்சரித்து, நிபந்தனையை இறுக்கி, கடவுச்சீட்டையும் பொலிஸில் கையொப்பமிடும் நாளையும் கூட்டி விட்டுவிடவும்கூடும். ஆனால் அதற்குப் பிறகு உங்கள் ஊரில் இன்னொரு வைப்பாளர் வீட்டுக்கு அந்தக் கார் போகாது. இதையே 40 வீடுகளில் செய்திருப்பார்கள் என்பது என் ஊகம், அதனால்தான் சொல்கிறேன்.

உங்களுக்கு என்று ஒரு சட்டமும் இருக்கிறது: குற்றத்தினால் பாதிக்கப்பட்டோருக்கும் சாட்சிகளுக்குமான உதவி, பாதுகாப்புச் சட்டம், 2023ஆம் ஆண்டின் 10ஆம் இலக்கம். வழக்கு எந்த நிலையில் இருக்கிறது, சந்தேகநபர் பிணையில் விடப்பட்டாரா என்பதையெல்லாம் அறிந்துகொள்ளும் உரிமை பாதிக்கப்பட்டவருக்கு உண்டு. சாட்சியை மிரட்டுவதும் ஆசை காட்டிக் கலைப்பதும் அதன்படி தனிக் குற்றம், பிணை எளிதில் கிடைக்காத குற்றம். கொழும்பு வழக்குக்கு ஒவ்வொரு தவணைக்கும் இரவு பஸ் ஏறி, விடிய இறங்கி, நீதிமன்ற வாசலில் பல் துலக்கி நிற்பது உங்களால் முடியாது என்று தெரியும். சாட்சியம் சொல்லும் நாள் வரும்போது காணொளித் தொடர்பு வழியாக இங்கிருந்தே சொல்லவும் அந்தச் சட்டத்தில் இடம் இருக்கிறது. அதற்கு முன்கூட்டியே விண்ணப்பிக்க வேண்டும்.

பணத்தை இணக்கமாக வாங்குவதே தப்பா என்றும் நினைப்பீர்கள். தப்பில்லை. 12 இலட்சத்து 50 ஆயிரத்தில் 9 இலட்சம் கைக்கு வந்தாலே நானாயிருந்தால் யோசிப்பேன். ஆனால் அது நடக்க வேண்டிய இடம் நீதிமன்றம். சட்டத்தரணி முன்னிலையில், வழக்கேட்டில் பதிந்து, பணம் நீதிமன்றத்தில் வைப்பிலிடப்பட்ட பிறகு, முறைப்பாடு பொய் என்ற சொல் இல்லாமல். உங்கள் மாமரத்தடிக் கதிரையில் வைத்து அல்ல. சட்டத்தரணிக்குக் கொடுக்கப் பணமில்லை என்றால் சட்ட உதவி ஆணைக்குழுவுக்குப் போங்கள், வெட்கப்பட ஒன்றுமில்லை.

அவர்கள் வெளியே இருக்கப்போவது ஒரு நாள் இரண்டு நாள் இல்லை என்பதற்கும் மனதைத் தயார்செய்யுங்கள். பிணைச் சட்டத்தின் கீழ் தீர்ப்பில்லாத ஒருவரைப் பன்னிரண்டு மாதத்துக்கு மேல் உள்ளே வைக்கக் கூடாது. சட்டமா அதிபர் கேட்டால் மேல் நீதிமன்றம் மூன்று மூன்று மாதமாக இன்னொரு வருடம்வரை நீடிக்கலாம், அவ்வளவுதான். நிதி மோசடி வழக்கில் கணக்குப் புத்தகம் பார்த்து முடிக்கவே அதைவிடக் காலம் போகும். இன்றைக்கு இல்லாவிட்டாலும் அடுத்த வருடம் பிணையில் வந்திருப்பார்கள். அதற்குள் உங்கள் வாக்குமூலம் வழக்கேட்டில் ஏறியிருந்ததா என்பதுதான் கேள்வி.

ஆகவே இன்றிரவே ஒரு அப்பியாசக் கொப்பியில் எழுதி வையுங்கள். முகாமையாளர் வந்த திகதி, நேரம், எந்த வாகனம், இலக்கத்தகடு நினைவிருந்தால் அது, கூட வந்தவர்கள் எத்தனை பேர், அவர் சொன்ன சொற்கள் அவர் சொன்னபடியே, நீங்கள் சொன்ன பதில். பிறகு தம்பியையும் கூட்டிக்கொண்டு பொலிஸ் நிலையத்துக்குப் போய் அதை முறைப்பாடாகப் பதிந்து, பதிவிலக்கத்தைக் கேட்டு வாங்குங்கள். கொழும்பில் விசாரிக்கும் பிரிவுக்கு அதன் பிரதியை நான் பதிவுத் தபாலில் அனுப்பி, நகர்த்தல் பத்திரம் (வழக்கைக் கூப்பிடக் கேட்கும் மனு) ஊடாக நீதிமன்றத்துக்குக் கொண்டுவரும்படி கேட்கிறேன். கொப்பியில் கடைசி வரியாக, நாயைப் பிடித்துக்கொண்டு நின்ற ஆச்சியின் முழுப் பெயரையும் அவருடைய அடையாள அட்டை இலக்கத்தையும் எழுத மறக்க வேண்டாம்.